சட்டையும் நாக்கும்

நல்ல அரசியல் தலைவனுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று தமிழில் எழுதப்படுகிற கட்டுரைகள் எல்லாம் ஒரே கட்டுரைதான். எளிமை, நேர்மை, நாவன்மை, தொண்டுள்ளம், தொலைநோக்கு. பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் கட்சியின் மலரிலும் அச்சிடலாம். எனக்குக் கட்சிக்காரர்கள் மீது புகார் இல்லை. அவர்களுக்கு மலர் வேண்டும், மலருக்கு விளம்பரம் வேண்டும். ஆனால் அரசியல் சாக்கடை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிற நம் எழுத்தாளர்களும், யாரையாவது தலைவர் என்று ஒப்புக்கொள்ள நேரும்போது இதே பட்டியலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கவிதையில் ஒரு சொல் உபரியாக நின்றால் பொறுக்காதவர்கள் இவர்கள்.

காமராஜரை எடுத்துக்கொள்ளலாம். அவரைப்பற்றி எழுதுகிறவன் முதலில் கதர்ச் சட்டையைத் தொடுகிறான். பிறகு சொத்து சேர்க்காமல் செத்துப்போனதை, பிறகு விருதுநகர் வீட்டில் இருந்த தாயாரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்துவிடுகிறான். பணத்தில் சுத்தமாக இருப்பது தலைவனுக்குரிய குணமே அல்ல என்பது என் அபிப்ராயம். அது வேலையில் சேருவதற்கான குறைந்தபட்சத் தகுதி. சாயங்காலம் ரொக்கம் சரியாக இருந்தது என்பதற்காக எந்தக் கேஷியருக்கும் யாரும் மாலை போடுவதில்லை. நான் பார்த்த ஒரு மேனேஜர் வாடிக்கையாளர் வாங்கிக்கொடுக்கும் காபியைக்கூடத் தொடமாட்டார். அவர் இருந்தவரை கடன் மனு எதிலும் அவர் கையெழுத்தும் விழவில்லை. சுத்தமான மனிதர். கிணறு வெட்டக் கடன் கேட்டு வந்தவர்கள் வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

1954 ஏப்ரலில் ராஜாஜி விலகியபோது, சட்டசபைக் காங்கிரஸ் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். ஜெயித்த காமராஜர் எட்டுப் பேரை வைத்து ஒரு சின்ன மந்திரிசபை அமைத்தார். தோற்றவரும் இருந்தார், முன்மொழிந்தவரும் இருந்தார். சுப்பிரமணியத்துக்குக் கிடைத்த இலாகாக்களில் நிதியும் கல்வியும் அடக்கம். அந்த வருஷத்துச் சண்டையே கல்வி பற்றியதுதான் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயரிட்ட திட்டம், 1954லேயே கைவிடப்பட்டது. 1956ல் மதிய உணவு தொடங்கியது.

நேற்றுவரை எதிரணியில் நின்ற திறமைக்காரனிடம் கஜானாவையும் பள்ளிக்கூடத்தையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க ஒருவனுக்கு என்ன வேண்டும்? பெருந்தன்மை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அது கணக்காகவே படுகிறது. தன்னை யாருக்குப் பிடிக்கும் என்பதையும் யாரால் காரியம் ஆகும் என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத கணக்கு. எளிமையைவிட இது எவ்வளவோ அபூர்வம். இதைப்பற்றி நாலு பக்கம் எழுத ஆளில்லை.

ஆளில்லாததற்குக் காரணம் உண்டு. இந்தக் குணத்தைப் பேச ஆரம்பித்தால் இது எங்கே தவறியது என்றும் பேசவேண்டிவரும். 1966ல் இந்திரா காந்தியைப் பிரதமராக்க முன்னின்றவர் இதே காமராஜர். 1969ல் கட்சி உடைந்தபோது எதிர்ப்பக்கத்தில் இருந்தவரும் அவரே. 1957ல் முதுகுளத்தூர்ப் பகுதியில் கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தபோது முதலமைச்சர் அவர்தான். முடிவுகள் ஜெயிக்கும், தோற்கும். சட்டைக்குத் தோல்வி கிடையாது. அதனால்தான் சட்டையைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணாதுரை விஷயத்தில் சட்டைக்குப் பதில் நாக்கு. பேச்சுப்போட்டிப் பையன்களுக்கு அவர் கொடுத்துவிட்டுப்போனது அடுக்குமொழி. ஆனால் அவரைத் தலைவர் என்று சொல்ல எனக்குத் தோன்றுகிற இடம் மேடை அல்ல, 1963ம் வருஷம். 1949ல் கட்சி பிறந்ததிலிருந்து சொல்லிவந்த திராவிட நாடு. 1962ல் சீன யுத்தம். அடுத்த வருஷம் அரசியல் சட்டத்தின் 16வது திருத்தம். பிரிவினை பேசிக்கொண்டு தேர்தலில் நிற்க வழியில்லை. கட்சியா கோரிக்கையா என்று வந்தபோது கோரிக்கையை விட்டார். பயம் என்றார்கள் சிலர், சாணக்கியம் என்றார்கள் சிலர். இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். தன் வாயாலேயே லட்சம் பேரை நம்பவைத்த ஒன்றை, அதே வாயால், அதே லட்சம் பேரிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு நாவன்மை போதாது. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கோரிக்கை கைகூடாது என்று சொல்லி ஈ.வெ.கி. சம்பத் 1961லேயே வெளியேறியிருந்தார். அவர் சொன்னபோது அது துரோகம், இரண்டு வருஷம் கழித்து அதுவே விவேகமா? எந்த அண்ணா நூலிலாவது இந்தக் கேள்வியை நேராகக் கேட்டிருக்கிறார்களா, பாருங்கள்.

மாக்ஸ் வேபர் 1919ல் மூனிச்சில் மாணவர்களிடம் பேசும்போது அரசியல்வாதிக்கு மூன்று குணங்கள் சொன்னார்: காரியத்தில் பற்று, விளைவுக்குப் பொறுப்பு, அளவுணர்வு. இதுவும் பட்டியல்தானே என்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. அளவுணர்வு என்று அவர் சொல்வது மனிதர்களிடமிருந்தும் விஷயங்களிடமிருந்தும் தன்னிடமிருந்துமே தள்ளி நின்று பார்ப்பது. அதற்குப் பரம எதிரி தற்பெருமை என்கிறார். இந்தக் குணங்களைப் புகைப்படத்தில் காட்ட முடியாது, கட்அவுட்டில் வரைய முடியாது. ஒருவன் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலைக்கு வசனம் வேண்டும், விமர்சன வசனம். நாம் வைத்திருப்பது பரணி.

நம் பத்திரிகைகளில் ஒரு சிறுகதையின் கடைசி வரியைப்பற்றி மூன்று இதழ்களுக்குச் சண்டை போடுகிறோம். போடவேண்டியதுதான். அதில் பழகிய கண்ணை, ஏழரைக் கோடிப் பேர் இருக்கிற ஒரு மாநிலத்தை ஆள வருகிறவன் மீது திருப்பக்கூடாது என்று யார் விதித்தது? சம்பத் வெளியேறிய 1961க்கும் கோரிக்கையைக் கைவிட்ட 1963க்கும் நடுவில் அண்ணாதுரை என்ன பேசினார், என்ன பேசாமல் விட்டார் என்று பழைய பத்திரிகைகளை எடுத்துவைத்துக்கொண்டு யாராவது எழுத உட்காரட்டும். மலருக்கு வாழ்த்துக்கவிதை கேட்டு வருகிறவர்களிடம், கையில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடலாம்.