காரம் யாருக்குச் சொந்தம்?

தக்காளிக்குக் காரம் ஏற்றலாமாம்! திருநகர்க் கடையில் கால் கிலோ வாங்கி ரசம் வைக்கும் தாய்மார்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகிற செய்தியல்ல இது, தோழர்களே.

மிளகாயும் தக்காளியும் ஒரே குடும்பத்துச் செடிகள். மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின். அது ஊறுவது விதையில் அல்ல. விதை ஒட்டியிருக்கும் வெண்சதையில். அதை உண்டாக்கும் மரபணுக்கள் தக்காளியிலும் உண்டு; ஆனால் உறங்குகின்றன. தட்டி எழுப்பலாம் என்று 2019இல் பிரேசில் நாட்டு விசோசாப் பல்கலைக்கழக அறிஞர்கள் எழுதினார்கள். ரசத்துக்காகவா? இல்லை. வலிபோக்கும் மருந்துக்குக் கேப்சைசின் வேண்டும். மிளகாயைவிடத் தக்காளி ஏக்கருக்குப் பன்மடங்கு விளையும். அதுதான் கணக்கு!

விஞ்ஞானத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்ல நாம். கோவில்பட்டி தந்த கே.1 மிளகாயைக் காமாக் கதிருக்கு உட்படுத்தி, கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் எம்.டி.யூ.1 ரகத்தைத் தந்தது நம் மதுரைதான். மக்கள் பணத்தில் பிறந்த விதை அது. எடுத்து வைத்து மறுபோகம் விதைக்க எவனுக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

நாம் கேட்பது வேறு. தக்காளியில் எழுப்பப்படும் காரம் யார் பெட்டியை நிரப்பும்?

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு காலத்தில் சாயவேர் தோண்டிப் பிழைத்தார்கள். அந்த வேரின் சிவப்பில் மதுரைத் துணி மிளிர்ந்தது. 1868இல் ஜெர்மானியர் அதே சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். அலிசரின் கப்பலேறி வந்தது. வேர் மண்ணிலேயே கிடந்தது. தோண்டியவனுக்கு ஈடு கொடுத்தவர் யார்?

இன்று அதே மாவட்டத்தின் மானாவாரி மண்ணில் முண்டு மிளகாய் விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். மருந்துக் கம்பெனிக்கு முண்டு என்ன, சம்பா என்ன? அவன் கேட்பது சாற்றை. வெயிலில் குனிந்து காய் பறிக்கும் கூலிப் பெண்ணின் பெயர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

செடிக்கும் விதைக்கும் நம் சட்டம் காப்புரிமை தருவதில்லை. விதையை எடுத்துவைக்கும் உரிமையை 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவனுக்குத் தந்திருக்கிறது. நன்று. ஆனால் டெல்லி 2022இல் என்ன செய்தது? வெளி மரபணு சேர்க்காமல், உள்ளிருப்பதைத் திருத்திய பயிர்களுக்குக் கட்டுப்பாடுகள் பலவற்றிலிருந்து விலக்களித்தது. உறங்கும் மரபணுவை எழுப்பிய தக்காளி அந்த வாசல் வழியே நுழையாதென்று யார் உறுதி சொல்வது?

பி.டி. கத்தரிக்காய் வந்தபோது ஊர் ஊராக மக்கள் கருத்தைக் கேட்டார்கள். கேட்ட பிறகு 2010இல் நிறுத்தி வைத்தார்கள். காரத் தக்காளிக்கும் அதே விசாரணை வேண்டும். டெல்லி மாளிகையில் மட்டுமல்ல, மிளகாய் காயும் இராமநாதபுரத்துக் களத்திலும் அது நடக்க வேண்டும். நம் உறுப்பினர்கள் இதைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எழுப்பட்டும்.