மாளிகையின் நத்தார் விளக்குகள்

கடந்த டிசம்பர் விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போயிருந்தோம். "கிராண்ட் ஹோட்டலை நத்தாருக்கு அலங்கரித்திருப்பார்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பார்த்து வருவோம்" என்றார் வாப்பா. வேனுக்குள்ளேயே விவாதம் தொடங்கிவிட்டது. "அது நம்மட பெருநாளா? நமக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டார் பெரியும்மா. "நாலு ஃபோட்டோ எடுக்கத்தானே போறோம்" என்றார் ராத்தா. இருவருமே பாதியைத்தான் சொன்னார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியும்மாவின் கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. நமது மார்க்கத்தில் பெருநாட்கள் இரண்டுதான். ஆனால், அயலவரின் பெருநாளைக் கொண்டாடுவது வேறு, அவர்கள் வீட்டு அலங்காரத்தைப் பார்ப்பது வேறு. நமது நோன்புப் பெருநாளில் வட்டிலப்பம் பெற்றுக்கொள்ளும் கிறிஸ்தவ அயலவர் முஸ்லிமாகிவிடுவதில்லை. நத்தார் கேக் தட்டோடு அவர்கள் நம் வாசலுக்கு வரும்போது நாமும் நம்மை இழந்துவிடுவதில்லை. ஈஸா நபியும் அவரது தாயார் மர்யம் அலைஹிஸ்ஸலாமும் நமக்கு அந்நியரும் அல்லர். அல்குர்ஆனின் 19ஆவது அத்தியாயம் மர்யமின் பெயரையே தாங்கியிருக்கிறது.

ஆகவே உள்ளே போனோம். கூரையைத் தொடுவதுபோல் ஒரு மரம். அதில் சிவப்புப் பந்துகளும் பொன்னிற நாடாக்களும் தொங்கின. மின்குமிழ்களின் வெளிச்சம் பளபளக்கும் மரத்தரையில் விழுந்து கிடந்தது. வெளியே பனியும் குளிரும். இங்கிலாந்துக்கே வந்துவிட்டதுபோல இருந்தது. ராத்தாவின் கைத்தொலைபேசி ஓயவேயில்லை.

இங்குதான் என் கேள்வி பிறந்தது. இந்த இங்கிலாந்து இங்கே எப்படி வந்தது?

1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ், தாம் மலைக்குளிரில் தங்குவதற்காகக் கட்டிய வீடுதான் இந்த ஹோட்டலின் தொடக்கம். 1891இல் அது ஹோட்டலாக மாறியது. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதிக்காகப் பாடப்புத்தகங்கள் பார்ன்ஸைப் புகழ்கின்றன. அவர் கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவரும்கூட. அந்தக் காலத்தில் தொடங்கிய கோப்பிச் செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக மக்கள் அழைத்துவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்களில் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தார்கள். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் பின்னர் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. பயிர்தான் மாறியது, கொழுந்து பறித்த கைகளின் நிலை மாறவில்லை. 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தது அந்த முன்னோரை நினைவுகூரத்தான்.

திரும்பும் வழியில், றம்பொடைக்கு முன்னால் ஒரு வளைவில், வீதியோரமாக ஒரு லயன் தெரிந்தது. தகரக் கூரை, புகைபடிந்த சுவர். ஒரு வாசலில் மட்டும் ஈர்க்குச்சியில் வர்ணக் கடதாசி ஒட்டிச் செய்த நட்சத்திரம் தொங்கியது. உள்ளே ஒரு குமிழ் எரிந்தது. வேன் கடந்துவிட்டது. எவரும் ஃபோட்டோ எடுக்கவில்லை, நானும்தான்.

அன்றிரவு ராத்தாவின் படங்களைப் பார்த்தோம். மரம், நாடா, கேக், நாங்கள். தொழுவத்தில் பிறந்தவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் குழந்தை, ஈச்சமரத்தடியில் தனிமையில் பிரசவ வேதனைப்பட்ட தாயின் மகன் என்று நாம் நம்பும் குழந்தை, மாளிகை எதிலும் பிறக்கவில்லை. அந்தப் பிறப்புக்கு அருகில் இருந்தது மாளிகையின் மரமா, லயன் வாசலின் கடதாசி நட்சத்திரமா?

மாளிகைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அழகு உண்மையான அழகு. அதைத் துடைத்து மினுக்குகிறவர்களுக்கும் அதுவே சம்பளம். ஆனால் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்ப்பது போன்றது. பெரியும்மா சொன்னதுபோல் ஒதுங்கிவிட்டால் அயலவரை அறியமாட்டோம். ராத்தாவைப்போல் படம் மட்டும் எடுத்தால் வரலாற்றை அறியமாட்டோம்.

தோழியரே, அடுத்த விடுமுறையில் நீங்களும் நுவரெலியா போவீர்கள். அந்த விளக்குகளை ஆசைதீரப் பாருங்கள். கையில் தேநீர்க் கோப்பை வரும்போது, அந்தக் கொழுந்தைக் கிள்ளியவரின் வீட்டில் இன்றிரவு என்ன விளக்கு எரிகிறது என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் அன்று கேட்கத் தவறிவிட்டேன்.