நடைவழியில் நிற்கும் மிதிவண்டிக்கு இடம் எங்கே?

டத்தோ கிராமாட் வட்டாரத்துப் பழைய அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டில் ஏறிப் பார்த்தால், கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிய மிதிவண்டிகள் கண்ணில் படும். சில தினமும் ஓடுபவை. சில காற்று இறங்கித் துருப்பிடித்தவை. பக்கத்துச் சுவரில் நிர்வாகத்தின் அறிவிப்பு இருக்கும்: நடைவழியில் பொருள் வைக்கக்கூடாது, வைத்தால் அகற்றப்படும். அறிவிப்பும் மிதிவண்டியும் பல காலம் ஒன்றாகவே இருக்கும். ஒருநாள் பூட்டு வெட்டப்படும், வண்டி காணாமல் போகும். அன்றுதான் நிர்வாக அலுவலக வாசலில் சண்டை தொடங்கும்.

இந்தச் சண்டையில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மிதிவண்டியை எங்கேதான் வைப்பது என்ற கேள்விக்கு இரு தரப்பிடமும் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

மிதிவண்டி யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கவசமும் பளபளக்கும் உடையுமாகக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. தரை வீடோ, கார் நிறுத்தும் இடமோ அவர்களுக்கு இருக்கும். படிக்கட்டில் பூட்டப்படும் வண்டி வேறு ஆளுடையது. இரவு வேலைக்குப் போகும் காவலாளி, விடியற்காலையில் சந்தைக்குப் போகும் கடை உதவியாளர், மோட்டார் சைக்கிள் உரிமம் இல்லாத முதியவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆகியோருடையது. நம் இந்தியச் சமுதாயத்தின் பி40 குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு மிதிவண்டி போனால் அன்றைய வேலையே போகும்.

சட்டம் சொல்வது

2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, அடுக்குமாடிகளின் பொதுப் பகுதிகளை யார் எப்படி நிர்வகிப்பது என்று வகுக்கிறது. அதன் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில், குடியிருப்பாளர் எல்லாரையும் கட்டுப்படுத்தும் துணைவிதிகள் உள்ளன. படிக்கட்டு, படிக்கட்டுத் தளம், நடைவழி உட்பட தீ விபத்தின்போது தப்பிக்கும் வழி எதையும் மறிக்கக்கூடாது என்கிறது அதில் ஒரு விதி. மறிக்கும் பொருளை முன்னறிவிப்பு இல்லாமலே நிர்வாகம் எடுத்துச் செல்லலாம். அந்தப் பொருள்களின் பட்டியலில் மிதிவண்டி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

எடுத்த பிறகு நிர்வாகம் அறிவிப்பு ஒட்டலாம். அறிவிப்புத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் உரிமையாளர் கேட்டு வராவிட்டால் பொருளை அப்புறப்படுத்தலாம். கேட்டு வந்தால், 200 ரிங்கிட்டுக்கு மேற்போகாத நிர்வாகக் கட்டணம் விதிக்கலாம். பழைய மிதிவண்டிக்கு 200 ரிங்கிட் என்றால், பலர் அதை மீட்காமலே விட்டுவிடுவார்கள்.

ஆகவே "முன்கூட்டியே சொல்லாமல் எப்படி எடுத்தீர்கள்?" என்ற வாதம் சட்டப்படி நிற்காது. இதை நம்மவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

விதி கடுமையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தீப்பிடித்தால் முதலில் வருவது புகை. மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது. கண் தெரியாத புகையில் நூறு பேர் ஒரே படிக்கட்டில் இறங்கும்போது, கைப்பிடியில் கட்டிய ஒரு மிதிவண்டி போதும், பாட்டி ஒருவர் இடறி விழ. நெஞ்சுவலி வந்தவரைத் தூக்குப்படுக்கையில் இறக்கும்போதும் அப்படித்தான். மின்கலத்தில் ஓடும் மிதிவண்டிகள் பெருகிவரும் காலத்தில் ஆபத்து இன்னும் கூடுகிறது. நியூயார்க் நகரில் லித்தியம் மின்கலங்களால் தீ விபத்துகள் அடிக்கடி நேர்ந்ததால், பாதுகாப்புச் சான்று பெற்ற மின்மிதிவண்டிகளை மட்டுமே விற்கலாம் என்று 2023இல் சட்டம் போட்டார்கள்.

இடம் எப்படிக் காணாமல் போனது?

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் மிதிவண்டி ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. காக்கி லீமா எனப்படும் ஐந்தடி நடைபாதையில் சாய்த்து வைப்பார்கள். இரவில் கதவைத் திறந்து உள்ளே உருட்டிக்கொண்டு போவார்கள். தரைத்தளம், நீளமான கூடம், நடுவில் முற்றம் என்று இடம் தாராளம்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முற்றாக முடிந்தது. வாடகை ஏறியதும் நகரின் பழைய குடும்பங்கள் பல அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அரசின் பிபிஆர் வீடு ஒன்றின் பரப்பு சுமார் 700 சதுர அடி. அதற்கு முன் கட்டப்பட்ட மலிவு விலை வீடுகள் பல இன்னும் சிறியவை. ஐந்தாறு பேர் வாழும் அத்தகைய வீட்டின் கூடத்தில், கிட்டத்தட்ட ஆறடி நீளமுள்ள மிதிவண்டியை நிறுத்தினால் பாய் விரிக்க இடம் இருக்காது. பத்தாவது மாடிக்கு மின்தூக்கியில் ஏற்றுவதும் தினசரிப் போராட்டம்.

கட்டடம் கட்டியபோது கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் கோடு போட்டார்கள். மிதிவண்டியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால்தான் அது நடைவழிக்கு வந்தது.

பாதை உண்டு, நிறுத்த இடம் இல்லை

பினாங்கு மிதிவண்டியை மறந்த மாநிலம் அல்ல. 2011 டிசம்பரிலிருந்து ஜார்ஜ்டவுனில் ஞாயிறு காலைகளில் கார் இல்லாத நாள் நடந்தது. 2016 டிசம்பரில் 'லிங்க்பைக்' என்ற பொது மிதிவண்டிப் பகிர்வுத் திட்டம் தொடங்கியது. கடலோரத்தில் மிதிவண்டிப் பாதைகள் போடப்பட்டன. 2025 ஜனவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முத்தியாரா எல்.ஆர்.டி. திட்டத்தின் கட்டுமானத்தைத் தொடக்கி வைத்தார். 2031இல் அது நிறைவுபெறும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ரயில் வந்தால், வீட்டிலிருந்து நிலையம் வரை செல்ல மிதிவண்டிதான் மலிவான வழி.

ஆனால் எந்தப் பயணமும் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. இரவில் பத்திரமாக நிறுத்த இடம் இல்லாதவர் மிதிவண்டி வாங்க மாட்டார். வாங்கியவரும் இரண்டு முறை திருட்டுக் கொடுத்தபின் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்துவிடுவார். மிதிவண்டிப் பாதைக்குச் செலவிடும் பணத்தின் பயனை, நிறுத்த இடம் இல்லாத குறை தின்றுவிடுகிறது.

மற்ற நகரங்கள் இதை வேறுவிதமாகப் பார்த்தன. லண்டனின் பல வட்டாரங்களில் தெருவோரம் வளைந்த கூரையுள்ள இரும்புக் கூண்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு 6 மிதிவண்டிகளைப் பூட்டி வைக்கிறது ஒரு கூண்டு. குடியிருப்பாளர் கட்டணம் செலுத்திச் சாவி பெறுகிறார். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்திலும் வெளியிலும் மிதிவண்டி நிறுத்தும் கம்பிகள் உள்ளன. பொது நடைவழியில் பொருள் இருந்தாலும் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது அங்குள்ள தீப்பாதுகாப்பு வழிகாட்டி. அங்கே நிறுத்த இடமும் கொடுத்து, எல்லையையும் சொல்லியிருக்கிறார்கள். நம்மிடம் எல்லை மட்டும்தான் இருக்கிறது.

முடிவு நம் கூட்டத்தில்

கூரை போட்ட, கண்காணிப்புக் கேமரா பார்க்கும் ஓர் இடத்தில், தரையில் பதித்த 'ப' வடிவ இரும்புக் கம்பிகள்: தேவை இவ்வளவுதான். ஒரு கம்பியில் இரண்டு வண்டி. ஒரு கார் நிற்கும் இடத்தில் 8 முதல் 10 மிதிவண்டிகள் நிற்கும். 100 வீடுகளில் 20 வீட்டாரிடம் மிதிவண்டி இருந்தாலும் இரண்டு மூன்று கார் இடங்கள் போதும். பல குடியிருப்புகளில் மின்தூக்கிக்குப் பின்புறமோ, குப்பை அறைக்குப் பக்கத்திலோ, யாருக்கும் பயன்படாத மூலை ஒன்று இருக்கும். கார் இடத்தைத் தொடவேண்டிய அவசியம்கூட வராது.

இதை நிர்வாகக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். வீட்டு உரிமையாளர் எவரும், கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்துமூலம் கொடுத்துத் தம் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். மிதிவண்டி நிறுத்துமிடத்தைக் கூடுதல் துணைவிதியாகவே எழுதி வைக்க வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு 21 நாள் அறிவிப்பும், செல்லத்தக்க வாக்குகளில் 75 விழுக்காட்டு ஆதரவும் வேண்டும். ஆகவே கூட்டத் தேதி வரும்வரை காத்திராமல், ஒன்றிரண்டு மாதம் முன்பே நிர்வாகக் குழுவிடம் பேச வேண்டும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கூட்டத்துக்கு 7 நாள் முன்னர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் அந்த உரிமையாளர் வாக்களிக்க முடியாது. வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்தமாக வாக்கே கிடையாது. மிதிவண்டி அதிகம் தேவைப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கூட்டத்திலும்தான் இருக்கிறார்கள். கார் வைத்திருப்பவர் கட்டணம் கட்டி, கூட்டத்துக்கு வந்து, கை தூக்குகிறார். மிதிவண்டிக்காரர் வேலைக்குப் போய்விடுகிறார். முடிவு யார் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வாடகைக்காரர்கள் வீட்டு உரிமையாளரிடம் பேசி, அவரின் பதிலாளாகக் கூட்டத்துக்குப் போகலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஒருவர் ஒரே உரிமையாளருக்குத்தான் பதிலாளாக இருக்க முடியும் என்பதால், ஆள் திரட்ட வேண்டியிருக்கும்.

எதிர்ப்பும் வரும். துருப்பிடித்த வண்டிகள் குவியும், திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். வீட்டு எண் எழுதிய ஒட்டுவில்லை, வீட்டுக்கு ஒரு வண்டி, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, கேட்பாரற்றதை அறிவிப்புக் கொடுத்து அகற்றுதல் என்று விதியைத் தெளிவாக எழுதினால் பாதிச் சண்டை அடங்கும். பூட்டுவது வண்டிக்காரரின் பொறுப்பு. சக்கரத்தை மட்டும் பூட்டாமல், வண்டியின் சட்டத்தையும் கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். சட்டத்தின் அடியில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து வைத்தால் போலீஸ் புகாருக்கு உதவும்.

மாநில அரசுக்கும் பங்கு உண்டு. மலிவு விலை அடுக்குமாடிகளின் பெரிய பராமரிப்பு வேலைகளுக்கு 80 விழுக்காடு வரை செலவை ஏற்கும் நிதித் திட்டம் பினாங்கில் ஏற்கனவே இருக்கிறது. மின்தூக்கி, கூரை போன்றவற்றோடு மிதிவண்டிக் கொட்டகையையும் அதில் சேர்க்கலாம். மின்தூக்கிச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. டத்தோ கிராமாட் தொகுதியிலிருந்து 2013இல் சட்டமன்றம் சென்ற ஜக்டீப் சிங் டியோ, பத்து ஆண்டுகள் மாநில வீடமைப்புக்குப் பொறுப்பேற்ற ஆட்சிக்குழு உறுப்பினராக இருந்து, 2023இல் இரண்டாம் துணை முதலமைச்சரானவர். அடுக்குமாடி வாழ்க்கையின் சிக்கல்களை அவருக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. புதிய வீடமைப்புத் திட்டங்களுக்கு அனுமதி தரும்போதே மிதிவண்டிக்கு இடம் கேட்பது மாநகர் மன்றத்தின் கையில் இருக்கிறது.

அதுவரை படிக்கட்டை மறித்து வைக்காதீர்கள். அண்டை வீட்டார் உயிரோடு விளையாடும் செயல் அது. ஆனால் அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பு கதவிடுக்கில் வந்து விழும்போது குப்பையில் போடாதீர்கள். பாக்கியைக் கட்டி, கூட்டத்துக்குப் போய், இடம் எங்கே என்று கேளுங்கள். நாம் போகாத கூட்டத்தில் நம் மிதிவண்டிக்கு இடம் ஒதுக்க யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை.