கார் கதவில் கடைப் பெயர்



ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். இவர் முன்பெல்லாம் தீபாவளிக்கு மட்டும் முறுக்கு சுட்டு விற்றவர். இப்போது முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று வாரந்தோறும் அடுப்பு எரிகிறது. மகனுக்குப் பட்டணத்தில் வேலை. பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதுதான் இப்போது வீட்டில் சண்டைக்குக் காரணம்.

காரின் இரண்டு பக்கமும் அம்மாவின் முகத்தையும் ஒரு தட்டு நிறைய முறுக்கையும் பெரிதாக அச்சடித்து ஒட்டிவிட்டால் வியாபாரம் பெருகும் என்கிறான் மகன். ஸ்டிக்கர் கடையில் சொன்ன விலையோ அம்மாவின் இரண்டு மாத லாபத்துக்குச் சமம். தகப்பனார் கேட்கிறாராம்: “இது காரா, சப்பரமா? நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறவன் வாசலில் முதலில் எதைப் பார்ப்பான்?” பத்து நாளாகத் தகப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார் அந்த அம்மா.

சென்ற மாதம் ஒரு காரியமாகச் சிங்கப்பூர் போனபோது இந்தக் கடிதமும் என் பையில் இருந்தது. டோபி காட் ரயில் நிலையத்தின் வாசலில் உறவினர் ஒருவருக்காக அரைமணி நேரம் காத்து நிற்க வேண்டியதாயிற்று. சும்மா நிற்பானேன் என்று, எதிரே போகிற வண்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை. இப்போது அங்கே துறையும் இல்லை, துணியும் இல்லை. 1987-இல் திறந்த ரயில் நிலையம். இன்று மூன்று பாதைகள் சந்திக்கின்றன. பக்கத்தில் 1939-இல் கட்டிய கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில்தான் துணி துவைத்தார்கள். பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடையைப் பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆக்கிவிட்டார்கள்.

நம் பாட்டிமாருக்கு ஒரு சங்கதி தெரியும். வெளுக்கப் போட்ட துணி இன்னார் வீட்டுத் துணி என்று அறிய, அதன் ஓரத்தில் சலவைக்காரர் சிறு குறி ஒன்று போடுவார். சேங்கொட்டைச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். நூறு வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்தாலும் ஒன்றுகூட மாறிப் போகாது. சின்னக் குறிதான், தெரிய வேண்டியவருக்குத் தெரிந்தால் போதும் அல்லவா?

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே சிங்கப்பூரில் நடந்ததுண்டு. தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் நாம் தேய்க்கிற புலி மார்க் தைலம் இருக்கிறதே, அதை விற்றவரின் கதை.

ரங்கூனில் சீன நாட்டு மருந்துக் கடை ஒன்று இருந்தது. எங் ஆன் தோங் என்று பெயர். கடைக்காரர் 1908-இல் காலமானார். கடை அவருடைய பிள்ளைகள் இருவர் கைக்கு வந்தது. மூத்தவர் ஆவ் பூன் ஹாவ், இளையவர் ஆவ் பூன் பார். ஹாவ் என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. தம்பி மருந்து தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் ஊர் ஊராகப் போய் விற்றார். தம் பெயரில் இருந்த புலியையே தைலத்துக்கு மார்க்காக வைத்தார். 1920களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து நீல் சாலையில் தொழிற்சாலை வைத்தார்கள்.

அப்போதுதான் அந்த அண்ணன் ஒரு காரியம் செய்தார். தம் மோட்டார் காரின் முன்பக்கத்தில் வாய் பிளந்த புலித் தலை ஒன்றைப் பொருத்தி, உடம்பு முழுவதும் புலிக்கோடு தீட்டிவிட்டார். ஹார்ன் அடித்தால் புலி உறுமுவது போலச் சத்தம்! கார்களே அபூர்வமாக இருந்த காலத்தில் புலியே சாலையில் ஓடிவந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எந்தத் தைலம் என்று புரிந்தது. பழைய புகைப்படங்களில் அந்தக் காரை இன்றும் பார்க்கலாம். தம்முடைய காரையே விளம்பரமாக ஓட்டியவர்களில் அவரைப் போல் துணிந்தவர் நம் வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதோடும் அவர் நிற்கவில்லை. 1929-இல் சின் சியூ ஜிட் போ என்ற சீனப் பத்திரிகையைத் தொடங்கினார். மருந்து விளம்பரம் போட சொந்தப் பத்திரிகை ஆயிற்று. 1937-இல் பாசிர் பாஞ்சாங்கில் பொம்மைகள் நிறைந்த தோட்டத்தைத் திறந்தார். டோபி காட்டில் வட்டப் பாதை ரயிலில் ஏறினால் ஹாவ் பார் வில்லா என்று அதன் பெயரிலேயே உள்ள நிலையத்தில் இறங்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

இதைக் கேட்டவுடன் மகன், “பார்த்தீர்களா அப்பா!” என்று துள்ளுவான். பொறு தம்பி. புலி கார் ஓடிய நேரத்தில் பின்னால் தொழிற்சாலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் புட்டி கொடுக்கச் சரக்கு இருந்தது. உன் வீட்டில் முறுக்கு பிழிவது அம்மாவின் இரண்டு கைகள். காரைப் பார்த்து ஒரே வாரத்தில் நாற்பது பேர் அழைத்தால் மாவு அரைப்பது யார், பிழிவது யார், கொண்டுபோய்க் கொடுப்பது யார்? முதல் தடவை கேட்டவருக்கு “அடுத்த வாரம்” என்றால் அவர் இரண்டாம் தடவை கேட்க மாட்டார். படத்துக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதிக்கு இன்னொரு முறுக்கு உரலும் பெரிய வாணலியும் வாங்கு. சாயங்காலம் நீயும் ஒரு கை பிழி. அண்ணன் விற்க, தம்பி தயாரித்த கதையில் பலர் மறந்துபோவது அந்தத் தம்பியைத்தான்.

இன்னொன்று. டோபி காட்டில் நின்று நான் படித்த வண்டிகளில் பாதியை முழுவதும் படிக்க முடியவில்லை. பளபளப்பான படம், பக்கம் பக்கமாக எழுத்து, நெளிவு சுளிவான அலங்காரம். கண் எங்கே போவதென்று தெரிவதற்குள் வண்டி போய்விடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போய்விடும். பார்ப்பவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் என்ன படிப்பார்? என்ன விற்கிறீர்கள் என்பதும் தொலைபேசி எண்ணும், அவ்வளவே. ஒரு குழாய் ரிப்பேர்க்காரரின் சிறு வேன் மட்டும் இன்னும் என் நினைவில் இருக்கிறது. வெள்ளை வண்டி, நீல எழுத்து, தொழிலின் பெயர் ஒரு சொல், கீழே எண்.

ஆகவே அம்மா, உங்கள் முகமும் வேண்டாம், முறுக்குத் தட்டும் வேண்டாம். அழகில்லை என்று சொல்லவில்லை. அச்சடித்த படம் நம் வெயிலில் வெளுத்துப்போகும், சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும். வெளுத்த முறுக்கைப் பார்த்து யாருக்கு வாய் ஊறும்? எழுத்து மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். சிறிதாக எழுதினால் தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றாகத் தெரியும். மலாய்க்காரரும் சீனரும் முறுக்கு வாங்குகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழே மலாயிலும் ஒரு வரி போடுங்கள்.

எண் விஷயத்தில் கவனம் வேண்டும். மகளின் எண்ணைப் போடாதீர்கள். உங்கள் சொந்த எண்ணும் வேண்டாம். வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு எண் வாங்குங்கள். இரவு அதை அணைத்து வைத்துவிடலாம். வீட்டு முகவரியைக் காரில் எழுதவே கூடாது. கார் வெளியே போயிருக்கிறது, வீட்டில் பெண்கள் மட்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னதாகிவிடும்.

இப்போது தகப்பனாருக்கு. ஐயா, நீங்கள் கோபக்காரர் என்று மட்டும் நினைத்து நான் உங்களைத் தள்ளிவிடவில்லை. புலி கார் வைத்திருந்தவருக்குப் பணம் இருந்தது; அதை விளம்பரத்துக்கென்றே ஓட்ட முடிந்தது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். துக்கம் விசாரிக்கப் போகும்போது கதவு நிறைய முறுக்கு இருந்தால் நன்றாகவா இருக்கும்? இதை நீங்கள் யோசித்ததும் உங்கள் பிள்ளை யோசிக்காததும் வயது செய்கிற வேலை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. காந்தத் தகட்டில் எழுத்தை ஒட்டிக் கொடுக்கிறார்கள். கதவில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், வேண்டாதபோது உரித்து வைத்துவிடலாம். காரை முழுவதும் மூடுகிற படத்தைவிடச் செலவு மிகக் குறைவு. கதவு இரும்பாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் பிடிக்காது. வாரம் ஒருமுறையாவது எடுத்து, கதவையும் தகட்டின் பின்புறத்தையும் துடைத்து உலர்த்திப் போடுங்கள். தூசியும் ஈரமும் அடியில் தங்கினால் சாயம் கெட்டுவிடும். உங்கள் கார் பழையது என்பதால் இன்னொரு காரணமும் உண்டு: மறுபடி சாயம் அடித்த கதவில் ஸ்டிக்கரை ஒட்டிப் பிறகு உரித்தால், அதோடு சாயமும் சேர்ந்து வரும்.

மகளின் சம்பந்தம் பற்றிய பயத்துக்கு மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. தாய் முறுக்கு விற்றாள் என்பதற்காக எழுந்து போகிற மாப்பிள்ளை, அவரே போய்விடுவது நல்லது ஐயா. வெயிலில் குலை வெட்டுகிறீர்கள். அதை என்றைக்காவது மறைத்தீர்களா?

தம்பிக்கு ஒரு சொல். கதவில் பெயர் இருக்கும்போது நீ சிவப்பு விளக்கில் பாய்ந்தாலும், பிறர் வாசலை அடைத்து நிறுத்தினாலும், அந்தத் திட்டு அம்மாவின் முறுக்குக்குத்தான் விழும். இதை ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் தகட்டை வீட்டிலேயே வைத்துவிடு.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: எண் பலகை, விளக்கு, முன் கண்ணாடி எதையும் மறைக்கக் கூடாது. காரின் நிறமே மாறும்படி படம் ஒட்டினால், மலேசியாவானாலும் சிங்கப்பூரானாலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தகட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வியாபாரச் சாமான் ஏற்றிப் போவதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உணவு விற்பவர் தைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அம்மா அதை எழுதவில்லை. இன்னும் செய்யவில்லையானால் தகட்டுக்கு முன் அதைச் செய்யுங்கள். விளம்பரத்துக்கு உரிமம் வேண்டுமா என்று உங்கள் நகராட்சியில் ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள் அம்மா, கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று. மகன் சொல்கிற ஆங்கிலப் பெயர் வேண்டாம். லயத்தில் எல்லாரும் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரையே வையுங்கள். தகடு செய்யக் கொடுப்பதற்கு முன் அதைத் தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டி, தகப்பனாரை முப்பது அடி தள்ளி நிற்கவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடி போடாமல் படித்துவிட்டால் எழுத்தின் அளவு சரி.