நீதிக்கு முன்னால் மன்னிப்பைக் கேட்க மாட்டோம்

வாச்சாத்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்த பிறகு, பங்கு மக்கள் சிறு குழுக்களாகக் கூடும் அன்பியக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. “முப்பது வருஷம் ஆச்சு, தண்டனையும் உறுதியாயிடுச்சு. இனி மன்னிச்சு மறந்து சமாதானமா இருக்கலாமே, சாமியார்களும் சிஸ்டர்களும் அதைத்தானே சொல்லணும்?” நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். தீர்த்தமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் கத்தோலிக்கப் பொதுநிலையினரும் அருட்சகோதரிகளும் சேர்ந்த எங்கள் குழு இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் வாசலில் போய் நின்று மன்னிப்பைக் கேட்டு வாங்க மாட்டோம். அவர்களுக்குச் சேர வேண்டியது சேரும்வரை அவர்கள் பக்கம் நிற்போம்.

சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் ஜனங்களை வீடு வீடாக இழுத்துவந்து ஆலமரத்தடியில் உட்கார வைத்து அடித்தார்கள். பதுக்கிய கட்டைகளைக் காட்டச் சொல்லி இளம்பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளையும் உண்டு. பிடித்துவந்தவர்களை அன்றிரவு அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைத்து வைத்தார்கள். பிறகு பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தே சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். ஊரில் வீடுகளை இடித்தார்கள், தானியத்தை மண்ணில் கொட்டினார்கள், ஆடு மாடுகளைக் கொன்று தின்றார்கள், கிணற்றுத் தண்ணீரையும் பாழாக்கினார்கள். தப்பியவர்கள் மாதக்கணக்கில் காட்டுக்குள் ஒளிந்து கிடந்தார்கள். கிணற்றைப் பாழாக்கியவனுக்கு என்ன நோக்கம் இருந்திருக்கும்? சந்தனக்கட்டை தேடுகிறவனுக்குக் கிணற்றில் என்ன வேலை? அந்த ஊர் மறுபடி அங்கே எழக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும்தான் இந்த வழக்கை நீதிமன்றம் நீதிமன்றமாகத் தூக்கிச் சுமந்தன. அடையாள அணிவகுப்பில் நின்று கையை நீட்டி ஆளைக் காட்டிய பெண்களின் துணிவு எல்லாவற்றுக்கும் மேலானது. வழக்கு சிபிஐ கைக்குப் போய், 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் நேரடியாக ஊருக்கே வந்து பார்த்தார். தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் 5 லட்சத்தை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்க வேண்டும், அந்தப் பெண்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலை அல்லது சுயதொழில், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை என்று உத்தரவிட்டார்.

எங்கள் மறை சொல்லும் ஒப்புரவு அருளடையாளத்தில் மனம் வருந்துதல் உண்டு, குற்றத்தை வாய்விட்டு அறிக்கையிடுதல் உண்டு, பரிகாரமும் உண்டு. பரிகாரம் இல்லாமல் மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போக அங்கே வழியில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்று இயேசு சொல்கிறார். அரசர்கள் முதல் நூலில் நாபோத்தின் கதை இன்னும் நெருக்கமானது. பரம்பரைத் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்க மறுத்தவன்மீது பொய்ச்சாட்சி வைத்து, அரச முத்திரை போட்ட கடிதத்தால் அவனைக் கொன்று, நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இறைவாக்கினர் எலியா, அரசன் ஆகாபைத் தேடி அந்தத் தோட்டத்துக்கே போனார். நாபோத்தின் உறவினர்களைக் கூப்பிட்டுப் பொறுத்துப்போகச் சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

முத்திரை போட்ட காகிதம் பழங்குடி மக்களை என்னவெல்லாம் செய்திருக்கிறது என்பதைத் திருச்சபையின் வரலாறே சொல்லும். 15ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையர் வெளியிட்ட ஆணைகளைக் காட்டித்தான் ஐரோப்பியர் அடுத்தவர் மண்ணைத் தங்களுடையது என்றார்கள். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்குப் போய் அங்குள்ள முதற்குடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் அந்தக் ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வெளிப்படையாகக் கைவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்பதை அந்தப் பயணத்திலிருந்து நாங்கள் புரிந்துகொண்டோம். இங்கே அதே வேலையை 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் செய்தது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்கள் காப்புக்காட்டுக் கோடு போட்டதும் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

இப்படி மலையில் பிழைப்பு இல்லாமல் போனவனைத் தேடித்தான், செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கர் வருகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் சித்தேரி மலைப்பக்கத்துக் கூலித் தொழிலாளிகளும் இருந்தார்கள். செம்மரம் வாங்கி விற்றுக் கோடி சேர்த்தவர்கள் யாரும் அந்தப் பிணங்களில் இல்லை.

பழங்குடியினருக்காகப் பேசினால் என்ன நேரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபரில் அவரைக் கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாத அந்த 83 வயதுப் பெரியவர், தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, மும்பையில் இறந்தார்.

வாச்சாத்தி மக்கள் பெரும்பாலும் தங்கள் ஊர்ச் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள். அவர்களை எங்கள் மறைக்குக் கூப்பிட இந்த அறிக்கையை எழுதவில்லை; அப்படி ஒரு நிபந்தனையோடு உதவி செய்வதை நாங்கள் பாவமாகவே கருதுகிறோம். திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் எழுதிய அமைதித் திருமடல் நல்மனம் கொண்ட எல்லோரையும் பார்த்துப் பேசியது. நாங்களும் அப்படியே பேசுகிறோம்.

தமிழ்நாடு அரசை நாங்கள் கேட்பது: 2023 தீர்ப்பின் ஒவ்வொரு உத்தரவும் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி அரூர் வட்டத்துக் கிராம சபைகளில் வாசித்துக் காட்டுங்கள். உயர் அதிகாரிகள்மீது எடுக்கச் சொன்ன நடவடிக்கையும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் கீழ்மட்டத்துக் காவலரும் வனக்காப்பாளரும் தாங்களாகவே ஓர் ஊரைச் சூறையாடிவிட முடியாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தனிநபர் பட்டாவோடு சமூக வன உரிமையையும் கொடுங்கள். நீதிமன்ற இடைக்கால உத்தரவால் இந்த மாநிலத்தில் பல ஆண்டுகள் பட்டா நின்றுபோனதற்கு மலைமக்கள் பொறுப்பல்ல.

எங்கள் பங்கு மக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வன உரிமை மனுவோடு வைக்க ஆதாரக் காகிதம் இல்லை என்று பலர் திரும்பிப் போகிறார்கள். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதையும் ஒரு சான்றாக ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஞாயிறு பூசை முடிந்ததும் மலைக்கிராமங்களுக்குப் போய், பெரியவர்கள் சொல்லச் சொல்ல அந்த வாக்குமூலங்களை எழுதித் தர வேண்டும். சங்கத்துக்காரர்கள் எந்தக் கட்சி என்று பார்க்காமல், அவர்கள் கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். மறையுரையில் அமைதியைப் பற்றிப் பேசுகிற நாளில் வாச்சாத்தியின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி எங்கள் குருக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.