மழுங்கின அரிவாள்தான் ஆபத்து

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்தன் கைபேசியிலேயே ஆர்டர் போட்டு ஒரு காட்டுக் கத்தி வாங்கியிருக்கிறான். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், உறை, கயிறு எல்லாம் உண்டு. ஊர் வீட்டுப் பின்னால் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டப் போகிறானாம். ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். "கூர் பார்த்தியாப்பா?" என்று நான் ஒரு வரி கேட்டேன். அதற்கு வந்த மூன்று பதில்கள்தான் இதை எழுத வைத்தன.

ஒன்று: "புதுசுதானே அத்தை, கம்பெனியிலேயே தீட்டித்தான் தருவான்." இரண்டு: "ரொம்பக் கூரா இருந்தா ஆபத்து, அப்படியே இருக்கட்டும்." மூன்றாவது என்னிடம் படித்தவனே எழுதியது: "டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த அரிவாள் ஆராய்ச்சி?"

மூன்றாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் சீமையில் கருவேலம் வெட்டி விறகுக்கட்டு சுமந்தது யார்? தினமும் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தது யார்? கூரைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல், அரிவாளைத் தோளில் சாத்தி ரீல்ஸ் எடுக்கிறவனுக்கா தெரியும்?

இரண்டாவது பதில்தான் உண்மையிலேயே ஆபத்தானது. கூர் இருந்தால் வெட்டிவிடும், மழுங்கலாக இருந்தால் பாதுகாப்பு என்று படித்தவர்களே நம்புகிறீர்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று பள்ளியில் படித்தீர்களே, மறந்துவிட்டதா? வாய் மெல்லிசாக இருந்தால் பரப்பு குறைவு, கொஞ்ச விசையே போதும். மழுங்கியிருந்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஓங்க வேண்டும். ஓங்கி வீசியது மரத்தில் பதியாமல் வழுக்கினால் எங்கே போகும்? எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு முழங்காலுக்குக் கீழே போனது. பதினொரு தையல். அவன் கத்தியும் புதுசுதான். உறையிலிருந்து எடுத்த கையோடு கருவேலக் கொம்பில் போட்டிருக்கிறான். கருவேலம் முருங்கைக் கொம்பு இல்லை. கூர் இல்லாத இரும்பை அது எகிறியடிக்கும்.

இப்போது முதல் பதிலுக்கு வருவோம். புதுசு என்பதாலேயே கத்தி வேலைக்குத் தயார் ஆகிவிடாது. புதுத்துணியை நனைத்துப் போடுகிறோம், புது மண்சட்டியைப் பழக்கித்தான் உலை வைக்கிறோம். பெட்டியிலிருந்து வருகிற கத்தியில் பெரும்பாலும் மெஷின் போட்ட ஒரு கரடு வாய்தான் இருக்கும். அதில் வேலைக்கான கூர் ஏற்றுவது வாங்கினவர் கடமை. அதற்கும் முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, பிடியிலிருந்து நுனி வரை நூல் பிடித்த மாதிரி பாருங்கள். வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். அடுத்து, பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகை விரல் மொட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. உடைந்த சட்டி மாதிரி ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது அல்லது பிடி ஆடுகிறது. பிடி ஆடும் கத்தியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஓங்கும்போது அலகு தனியாகப் பறந்தால் எதிரே நிற்பவர் கதி என்ன?

பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். கூர் உள்ள இடம் வெளிச்சத்தைத் திருப்பாது. வெள்ளைக் கோடாக மின்னுகிற இடமெல்லாம் மழுங்கல். கடைசியாக, நல்ல அரம் ஒன்றால் வாயில் மெதுவாக ஒரு இழுப்பு. வெல்லத்தைச் சுரண்டுவது போல இறங்கினால் இரும்பு மெத்தை, வாய் மடங்கிவிடும். கண்ணாடி மேல் போல வழுக்கினால் தோய்ச்சல் அதிகம், கருவேலத்தில் பட்டதும் பல் பல்லாகப் போய்விடும். லேசாகப் பிடித்துப் பிடித்து வந்தால் அதுதான் பதம்.

இனி தீட்டுவது. "எந்தக் கோணத்துல வைக்கிறது?" என்று கேட்பீர்கள். ஒரு தாளின் மூலையை எடுங்கள், 90 பாகை. இரண்டாக மடித்தால் 45. இன்னொரு தரம் மடித்தால் 22½. மரம் வெட்டும் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு சாய்வு போதும். காய்கறிக் கத்தி மாதிரி அதைவிட மெல்லிசாகத் தீட்டினால் முதல் வெட்டிலேயே வாய் சிதையும். கத்தியை அசையாமல் பலகையில் இறுக்கிக்கொண்டு, அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பிறகு தீட்டுக்கல்லை நனைத்துச் சொரசொரப்பான பக்கத்தில் தேயுங்கள். ஒரு பக்கமாகவே தேய்த்துவந்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். அது வாய் முழுக்க எழுந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். விரலை வாயின் குறுக்கே வைத்துத் தடவிப் பாருங்கள், நீளவாக்கில் ஓட்டினால் விரல் போய்விடும். பிறகு வழவழப்பான பக்கத்தில் மாற்றி மாற்றி லேசாகத் தேய்த்துப் பிசிறை எடுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தரம் பின்னோக்கி இழுத்தால் முடிந்தது. கட்டைவிரல் தடிமன் கொம்பை வெட்டிப் பார்த்து வாயை மறுபடி கவனியுங்கள். மடங்காமல் உடையாமல் இருந்தால் வேலைக்கு எடுங்கள்.

"இவ்வளவு எதுக்கு டீச்சர், கிரைண்டர்ல காட்டினா ரெண்டு நிமிஷம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறி பறக்கப் பறக்க அழுத்தினால் வாயோரம் நீலம் பாயும். சுமார் 300 பாகை செல்சியஸ் சூடு ஏறினதற்கு அடையாளம் அந்த நீலம். கொல்லர் உலையில் காய்ச்சி, தோய்த்து, பக்குவமாகக் கொடுத்த கடினம் அந்த இடத்தில் குறைந்துவிடும். அன்றைக்குக் கூராகத்தான் இருக்கும், நாலு நாளில் மறுபடி மழுங்கும். பிறகு "கத்தி சரியில்லை" என்று புதுசுக்கு ஆர்டர் போடுவீர்கள்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் வேறு. மதுரை – மானாமதுரைச் சாலையில், நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது திருப்பாச்சேத்தி. கருப்பருக்கும் அய்யனாருக்கும் நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள் செய்து தருகிற ஊர். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்யும் அரிவாள் அங்கே கிடைக்கும்போது, எங்கிருந்தோ கத்தி வரவழைக்கிறோம். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். 2005-ல் வந்த சினிமாவால் ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்தது, ஆனால் வெட்டுக்குத்துக்குத்தான் அரிவாள் என்ற பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. வாங்குபவர் பெயர், முகவரியை எழுதிக்கொள்ளச் சொல்லிக் காவல்துறை 2021-ல் பட்டறைகளுக்கு உத்தரவு போட்டது. "அந்தத் தொல்லைக்குத்தான் ஆன்லைன்ல வாங்குறோம்" என்கிறீர்கள். விறகு வெட்ட வாங்குபவனுக்கு முகவரி கொடுப்பதில் என்ன பயம்? பட்டறையில் கொல்லரிடமே பதம் கேட்கலாம். பிடியை உங்கள் கைக்குத் தகுந்த மாதிரி போட்டுக்கொள்ளலாம். மழுங்கினால் திரும்பப் போகலாம். கைபேசிக் கடையில் நட்சத்திரம் போடலாம், வேறென்ன முடியும்?

2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்தது. சிவகளையில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்றதும் நீங்கள் அத்தனை பேரும் பகிர்ந்தீர்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் இரும்பின் பெருமை பேசுகிற வீட்டில் ஒரு தீட்டுக்கல் இல்லை, இருந்தாலும் அதைத் தொடத் தெரிந்த கை இல்லை என்றால் அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அரிவாளையோ கத்தியையோ எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். எத்தனை இடத்தில் மின்னுகிறது என்று கீழே எழுதுங்கள். இரும்புக்கடையில் இரண்டு பக்கத் தீட்டுக்கல் ஒன்று வாங்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தீட்டுங்கள். தீட்டி முடித்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வேலை செய்யாமல் சாக்குச் சொல்பவர்களை எனக்கு அந்தக் காலத்திலிருந்தே தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காரைக்குடி