கொள்கைக்கு வந்த சோதனை

"அமேசான்ல புத்தகம் வாங்கமாட்டேன்"னு வீராப்பா இருந்தேன். எல்லாம் புக் டெப்பாசிட்டரி தளத்தில்தான். தபால் செலவு கிடையாது, தள்ளுபடியும் உண்டு. அப்புறம்தான் தெரிஞ்சுது, 2011லேயே அதை அமேசான் வாங்கிட்டாங்களாம்! சரி, பழைய புத்தகத்துக்கு ஏப்புக்ஸ் இருக்கேன்னு பார்த்தா, அதை 2008லேயே வாங்கியாச்சு. (நல்லா ஏமாந்தேன் போங்க.) புக் டெப்பாசிட்டரியை 2023 ஏப்ரலில் மூடியும் விட்டார்கள்.

இப்போ எங்க ஏரியா புத்தகக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்குகிறேன். பத்து நாள் ஆகுது, விலையும் கூடத்தான். அமேசான்ல ரெண்டே நாள்ல வந்துடும், ஒத்துக்கறேன். ஆனா கூடுதலா கொடுக்கிற ஐம்பது ரூபாயை அந்தக் கடை வாடகையில் என் பங்குன்னு வெச்சுக்கறேன். அவரும் ஷட்டரை இறக்கிட்டா, அப்புறம் அமேசான் வேணாம்னு சொல்லிட்டு நான் எங்கே போறது?

போன வாரம், கேட்ட புத்தகத்தோட "இதையும் படிங்க சார்"னு இன்னொண்ணையும் நீட்டினார். ரெண்டையும் வாங்கிட்டு வந்தேன். வீட்டில் செம திட்டு.